அழுத்தும் திரையும் தொடும் திரையும்

வீடுவீடாகச் சென்று விவரம் சேகரிக்கும் ஊழியரின் கையில், காகிதத்திற்குப் பதிலாகக் கைத்தொலைபேசி இருப்பதை இன்று பல இடங்களில் காண்கிறோம். வினாக்கள் திரையில் தோன்றுகின்றன; விடைகளை அவர் விரலால் தொட்டுப் பதிவு செய்கிறார். ஆனால், மழைத்துளி விழுந்தால் தொடாத இடத்தில் விடை பதிவாகிவிடுவதும், கையுறை அணிந்த விரலைத் திரை பொருட்படுத்தாதிருப்பதும் அவர் அனுபவத்தில் கண்டவையே. இவை கருவியின் பழுது அல்ல. திரை இயங்கும் தத்துவத்தின் விளைவுகளாகும். தொடக்க கால ஸ்மார்ட்போன்களில் இடம்பெற்ற இருவகைத் திரைகளை ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும்.

முதல் வகை, அழுத்தத்தால் இயங்கும் மின்தடைத் திரை. இதன் மேற்புறம் வளையக்கூடிய பிளாஸ்டிக் படலம், அடிப்புறம் கண்ணாடி. ஒன்றையொன்று நோக்கும் உட்பரப்புகளில், ஒளியை ஊடுருவ விட்டு மின்சாரத்தையும் கடத்தக்கூடிய இண்டியம் வெள்ளீய ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். நுண்ணிய புள்ளிகள் இரண்டையும் பிரித்து நிறுத்துகின்றன. ஒரு பூச்சின் இரு விளிம்புகளுக்கிடையே 5 வோல்ட் மின்னழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். நட்டநடுவில் அழுத்தினால், மற்றப் பூச்சு அவ்விடத்தைத் தொட்டு 2.5 வோல்ட்டை உணரும். கால் பங்குத் தொலைவில் அழுத்தினால் 1.25 வோல்ட்டை உணரும். அடுத்த கணம் குறுக்குத் திசையிலும் இவ்வாறே அளக்கப்படுகிறது. பள்ளி ஆய்வகத்து மின்னழுத்தமானியின் தத்துவமே இங்குப் பயன்படுகிறது. அழுத்துவது விரலாயினும், நகமாயினும், மரக்குச்சியாயினும் திரைக்கு ஒன்றே. ஆனால், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை அழுத்தினால், எளிய மின்தடைத் திரையால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

இரண்டாம் வகை, மின்தேக்கித் திரை. கண்ணாடியின் அடியில் ஒளிபுகும் மின்கடத்திகள் நெடுக்கும் குறுக்குமாக அமைந்துள்ளன. அவை சந்திக்கும் ஒவ்வோரிடமும் ஒரு சிறு மின்தேக்கியாகும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆதலால், விரல் அருகே வந்ததும் அங்குள்ள மின்புலத்தின் ஒரு பகுதி விரலை நோக்கித் திரும்புகிறது. மின்தேக்குதிறன் சிறிதளவு மாறுகிறது. அம்மாற்றமே தொடுகையாக உணரப்படுகிறது. அழுத்தம் தேவையில்லை. ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனியே அளக்கப்படுவதால் பல விரல்களை ஒருங்கே அறிய முடியும். இது புதிய கருத்தன்று. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில், ராயல் ராடார் நிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜான்சன் 1965-ஆம் ஆண்டிலேயே மின்தேக்கித் தத்துவத்தில் அமைந்த தொடுதிரையை விவரித்துள்ளார்.

எனினும், முதலில் பரவியது மின்தடைத் திரையே. 1994-இல் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். சைமன், தொலைபேசியையும் கைக்கணினியையும் ஒன்றாக்கிய கருவி. எடை ஏறக்குறைய அரைக் கிலோகிராம். அதனுடன் ஒரு சிறு எழுத்தாணியும் வழங்கப்பட்டது. பின்வந்த பல கருவிகளும் இவ்வழியையே பின்பற்றின. எழுத்தாணியின் முனை கூர்மையானது. ஆகவே அவற்றின் பொத்தான்களும் பட்டியல்களும் மிகச் சிறியனவாக அமைக்கப்பட்டன.

2007-ஆம் ஆண்டில் இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஹெச்.டி.சி. டச், ஆப்பிள் ஐபோன் ஆகிய இரண்டும் கடைகளுக்கு வந்தன. முன்னது மின்தடைத் திரை கொண்டது. விரலை மேல்நோக்கி இழுத்தால் பட்டியல் புரளும் வசதி அதில் இருந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த விண்டோஸ் மொபைல் அமைப்பு எழுத்தாணிக்கென வகுக்கப்பட்டது. பின்னது 3.5 அங்குல மின்தேக்கித் திரை கொண்டது, எழுத்தாணி இல்லை. இரு விரல்களை விரித்தால் படம் பெரிதாயிற்று. தொடவேண்டிய இடம் குறைந்தது 44 புள்ளி அளவு இருக்க வேண்டும் என்று ஆப்பிள் பின்னர் வகுத்த நெறி, அத்திரையில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டராகும். திரையின் தத்துவமும் அதில் காட்டப்படும் உருவங்களின் அளவும் விரலுக்குப் பொருந்தின; அதன் சிறப்பு இப்பொருத்தத்திலேயே இருந்தது.

மின்தடைத் திரை உடனே மறைந்துவிடவில்லை. 2008-இல் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 அவ்வகையைச் சேர்ந்ததே. நம் நாட்டில், மாணவர்களுக்கென மத்திய அரசு 2011 அக்டோபரில் வெளியிட்ட ஆகாஷ் கைக்கணினியும் மின்தடைத் திரையையே கொண்டிருந்தது. அழுத்தித் தொடவேண்டிய அத்திரை குறைகூறலுக்கு உள்ளாயிற்று. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2 மின்தேக்கித் திரைக்கு மாறியது.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கைக்கு, எந்த இடத்தில் என்று கேட்பதே முறை. தடித்த கையுறையுடன் பணிபுரிவோருக்கு மின்தடைத் திரை உகந்தது. மெல்லத் தொட்டு விரைந்து படிப்போருக்கு மின்தேக்கித் திரை ஏற்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். மின்தேக்கித் திரையுள்ள தொலைபேசி ஒன்றை எடுத்து, உலர்ந்த மரக்குச்சியால் தொடுக, பயனிராது. நான்காக மடித்த உலர்ந்த துணியை விரலில் சுற்றித் தொடுக; பெரும்பாலும் பயனிராது. கையில் பிடித்த வாழைப்பழத்தின் நுனியால் தொடுக. திரை பெரும்பாலும் இசையும். பழத்திலுள்ள நீரும் உப்புகளும் மின்சாரத்தைக் கடத்துவதே காரணம். மழைத்துளி விரலைப்போல் நடிப்பதன் காரணமும் இதனால் மாணவர்க்கு விளங்கும்.

களப்பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. ஈரமான திரையையும் விரலையும் துடைத்த பின்னரே பதிவு செய்ய வேண்டும். வினாப்படிவம் அமைப்போர், விடைக்குரிய கட்டங்களை விரல் அளவிற்கு அகலமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் அமைக்க வேண்டும். பதிவை அனுப்புமுன், விடைகளை ஒருமுறை உரக்கப் படித்து, எதிரே இருப்பவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். தவறாகத் தொடப்பட்ட ஒரு கட்டம், ஒரு குடும்பத்தைப் பற்றிய தவறான விவரமாகப் பதிவேட்டில் நிலைத்துவிடக்கூடும்.