வீட்டு ஜெனரேட்டரின் எரிபொருள் அமைப்பும் அதன் பராமரிப்பும்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி வட இந்தியாவின் மின் இணைப்பு வலை செயலிழந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகள் மூன்றும் ஒருங்கே மின்சாரத்தை இழந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. 2019 மே 3-ஆம் தேதி பூரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபானி புயலுக்குப் பின்னர், ஒடிசாவின் கடலோரப் பகுதிகளில் மின்சாரமின்மை பல நாட்கள் நீடித்தது. இத்தகைய காலங்களில், பிராணவாயுக் கருவியின் துணைகொண்டு வீட்டிலேயே சுவாசிக்கும் நோயாளிக்கும், 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்துக்குள் காக்கப்பட வேண்டிய தடுப்பு மருந்துக்கும் சிறு ஜெனரேட்டரே அடைக்கலமாகின்றது.

ஆனால், மாதக்கணக்கில் மூலையில் கிடந்த எந்திரம், தேவைப்பட்ட அந்த நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்ப மறுப்பது பலரும் கண்ட அனுபவமாகும். எந்திரத்தைத் திறந்து பார்த்தால் பிஸ்டனும் வால்வுகளும் பெரும்பாலும் பழுதற்றே இருக்கும். கோளாறு எரிபொருளில் இருக்கும். நாள்தோறும் ஓடும் மோட்டார் வாகனத்தில் எரிபொருள் ஓயாது மாறிக்கொண்டே உள்ளது. ஜெனரேட்டரிலோ அது தேங்கி நிற்கின்றது. ஆதலின் ஓடித் தேய்வதைக் காட்டிலும் நின்று கெடுவதே இவ்வெந்திரத்திற்குப் பெரும் ஆபத்து எனலாம்.

எரிபொருள் செல்லும் வழி

பெட்ரோல் ஜெனரேட்டரின் அமைப்பு எளியது. மேலே உள்ள டாங்கியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே காக், வடிகட்டி, ரப்பர் குழாய் ஆகியவற்றின் வழியே இறங்கி, கார்புரேட்டரின் கிண்ணத்தை அடைகின்றது. கிண்ணத்திலுள்ள மிதவை, பெட்ரோலின் மட்டத்தை ஒரே அளவில் வைக்கின்றது. அங்கிருந்து ஜெட் எனப்படும் நுண்துளைகளின் வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கின்றது. இத்துளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே கண்ணுக்குப் புலப்படாத சிறு படிவு கூட எந்திரத்தை நிறுத்திவிடப் போதுமானது.

பெட்ரோல் கெடுவது எவ்வாறு?

பெட்ரோல் மூன்று வழிகளில் கெடுகின்றது. முதலாவது, எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகள் நீங்கிவிடுகின்றன. குளிர்ந்த எந்திரம் கிளம்புவதற்கு உதவுபவை இப்பகுதிகளேயாம். இரண்டாவது, எஞ்சிய பகுதியிலுள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றின் பிராணவாயுவுடன் கூடிப் பிசினாக மாறுகின்றன. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் காணப்படும் பழுப்பு நிறப் பூச்சு இதுவே. மூன்றாவது காரணம் நீர்.

நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனாலைக் கலக்கும் திட்டம் 2003-ஆம் ஆண்டில் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022-இல் கலப்பு 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும் இயல்புடையது. காற்றின் ஈரத்திலிருந்தும், டாங்கியின் உட்சுவரில் படியும் பனித்துளிகளிலிருந்தும் அது நீரைப் பெறுகின்றது. ஓரளவு வரை நீர் கலவையில் கரைந்தே இருக்கும். அவ்வளவு மீறியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு, நீருடன் சேர்ந்து தனிப் படையாக அடியில் தங்குகின்றது. எந்திரத்திற்குச் செல்லும் குழாயும் டாங்கியின் அடியிலேயே தொடங்குவதால், முதலில் கார்புரேட்டரை அடைவது இப்படையே. அது சரிவர எரியாது. துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றாலான உறுப்புகளையும் அரிக்கும். எத்தனாலுக்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் அதனால் ஊறி உப்பிவிடக் கூடும்.

ஓர் எளிய சோதனை

இவ்வியல்பை ஆசிரியர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டலாம். 100 மி.லி. அளவுள்ள, மூடியுடன் கூடிய அளவுச் சாடியில் 10 மி.லி. நீரையும் 90 மி.லி. பெட்ரோலையும் ஊற்றி, மெதுவாகக் குலுக்கி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றியபின் அசையாது வைக்க வேண்டும். எத்தனால் கலவாத பெட்ரோலாயின் கீழ்ப்படை 10 மி.லி. அளவிலேயே நிற்கும். 20 சதவீதக் கலவையாயின், எத்தனாலில் பெரும்பகுதி நீருடன் இறங்கிவிடுவதால் கீழ்ப்படை 28 மி.லி.யை நெருங்கி உயரும். டாங்கியில் நிகழ்வதும் இதுவே. சோதனையை ஆசிரியர் தாமே, காற்றோட்டமுள்ள இடத்தில், அருகில் நெருப்பின்றிச் செய்தல் வேண்டும். சோதித்த பெட்ரோலை எந்திரத்தில் ஊற்றலாகாது.

பராமரிப்பு முறை

முதலாவதாக, ஒரு மாதத்தில் செலவாகக்கூடிய அளவு பெட்ரோலை மட்டுமே வாங்கிச் சேமிக்க வேண்டும். கலத்தின்மீது வாங்கிய தேதியை எழுதி வைத்தல் நலம். நாட்பட்ட பெட்ரோலை இருப்பில் வைத்திராது, மோட்டார் சைக்கிள் முதலியவற்றில் உடனுக்குடன் செலவிட்டுவிடலாம். படை பிரிந்ததையோ, நாற்றம் மாறியதையோ எதற்கும் பயன்படுத்தலாகாது.

இரண்டாவதாக, மாதம் ஒரு முறை எந்திரத்தை 15 அல்லது 20 நிமிடம் ஓட்ட வேண்டும். சுமையின்றி ஓட்டுவது போதாது. அதன் திறனில் ஏறத்தாழப் பாதியளவு சுமை தரவேண்டும்.

மூன்றாவதாக, எந்திரத்தை நிறுத்தும் முறையில் கவனம் தேவை. நீண்ட நாள் ஓய்வு தருவதாயின் சுவிட்சை அணைத்து நிறுத்தாமல் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் தீர்ந்து எந்திரம் தானே நிற்கும்படி விடவேண்டும். அப்போதும் கிண்ணத்தின் அடியில் சிறிது எஞ்சும். எந்திரம் ஆறியபின், அடியிலுள்ள வடிப்புத் திருகைத் தளர்த்தி அதனையும் ஒரு கலத்தில் வடித்துவிடுவது நன்று. பல மாதங்கள் ஓய்வு தருவதாயின் டாங்கியையும் காலி செய்தல் வேண்டும்.

நான்காவதாக, வடிகட்டியையும் வண்டல் கிண்ணத்தையும் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், சிறிது நேரம் ஓடிய எந்திரம் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும்.

எந்திரம் சீராக ஓடாமல் ஏறி இறங்கி ஓடினால், ஜெட் துளை அடைபடத் தொடங்கியதற்கு அது அறிகுறியாகலாம். இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஜெனரேட்டரில், நிமிடத்திற்கு 3000 சுற்று என்ற வேகமே 50 சைக்கிள் மின்சாரத்தைத் தருகின்றது. வேகம் தடுமாறினால் மின்னழுத்தமும் தடுமாறி, இணைத்துள்ள கருவிகள் பழுதாகும். ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது எஃகுக் கம்பியால் குத்தலாகாது; மென்மையான பித்தளைத் துளை அகன்றுவிடும். கார்புரேட்டருக்கான கரைப்பானும் அழுத்தக் காற்றுமே உகந்தவை.

டீசல் எந்திரம்

டீசலுக்கு விதி வேறு. டாங்கியைக் காலியாக விடாது நிரப்பியே வைக்க வேண்டும். வெற்றிடம் மிகுந்தால் ஈரம் படியும். டீசலும் அடியில் தேங்கிய நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழப்பான சேறாகி வடிகட்டியை அடைக்கும். நீர் பிரிப்பானை அடிக்கடி வடித்தல் அவசியம். டீசல் முற்றிலும் தீர்ந்துபோனால் குழாயில் காற்று புகும். அதனை வெளியேற்றிய பின்னரே எந்திரம் கிளம்பும்.

சில எச்சரிக்கைகள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஓடும் எந்திரத்திலோ சூடான எந்திரத்திலோ பெட்ரோல் ஊற்றலாகாது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இன்றி 30 லிட்டர் வரையே வைத்திருக்கலாம். உலோகக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. வீட்டினுள்ளும், தாழ்வாரத்திலும், சன்னலருகிலும் ஜெனரேட்டரை ஓட்டுதல் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குவோரை அறியாமலே கொல்ல வல்லது.

மேற்கூறியவற்றுள் பெரும் செலவு பிடிப்பது எதுவுமில்லை. மாதம் அரை மணி நேரமும் ஒரு குறிப்பேடும் போதுமானவை. ஓட்டிய நாள், பெட்ரோல் வாங்கிய நாள், வடிகட்டி துடைத்த நாள் ஆகிய மூன்றையும் களப்பணியாளர்கள் தத்தம் நிலையங்களில் பதிந்து வருவதோடு, தாம் செல்லும் இல்லங்களிலும் இப்பழக்கத்தைப் புகுத்துவாராயின், அடுத்த புயலின்போது ஜெனரேட்டர் தவறாது பயன்படும்.