உருளையின் பல் ஏன் உடைகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து மலை ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாடும் கேரளாவும் சந்திக்கும் இடம். அதைத் தாண்டினால் ஏலமும் தேயிலையும்தான்.

பறித்த கொழுந்தை வாட வைப்பார்கள். பிறகு அது சி.டி.சி. இயந்திரத்துக்குப் போகும். 1930-இல் அசாமில் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய இயந்திரம் இது. இதில் பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று. மற்றது சுமார் 700 சுற்று. இடையில் விழும் கொழுந்து நசுங்கும், கிழியும், சுருளும்.

பழுது எப்படி வருகிறது?

கொழுந்தோடு கல்லோ ஆணியோ வந்தால் பல் உடையும். பல் மழுங்கினால் கொழுந்து சரியாகக் கிழியாது. சூடேறும். தேயிலையின் மணமும் நிறமும் கெடும். உருளைகளின் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் தூளும் ஒரே அளவாக வராது.

காந்தம் ஆணியைப் பிடிக்கும். கல்லைப் பிடிக்காது. எனவே சாக்கில் கொழுந்தைக் கட்டும்போதே கவனம் வேண்டும். பல்லைக் காலம் தவறாமல் தீட்ட வேண்டும்.

கொழுந்து அடைத்துக் கொண்டால் கையை விடாதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். உருளை முழுவதும் நின்ற பிறகே தொடுங்கள்.

உருளைக்குப் புதிதாகப் பல் வெட்டலாம். போன விரல் திரும்ப வருமா?