வாதாங்கொட்டைக்கு ஒரு கணக்கு, குண்டுக்கு வேறு கணக்கு

“அந்தப் பையன் எதுக்குச் சுவர் ஏறணும்?” சென்னைத் தீவுத்திடல் சம்பவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்தான்; தன் பிள்ளைக்கு அப்படி ஒன்று நேர்ந்துவிடக்கூடாதே என்ற பதைப்பு அவரைக் கேட்கவைக்கிறது. ஆகவே சண்டைக்குப் போகாமல் பொறுமையாகவே பதில் சொல்லலாம்.

2011 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. தீவுத்திடல் பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுப் பையன், கூட்டாளிகளோடு ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள் போனான். அங்கே வாதாம் மரம் இருந்தது. வாதாங்கொட்டை உடைத்துத் தின்றவர்களுக்கு அதன் பாடு தெரியும். துவர்க்கும் சதையைக் கடித்துத் துப்பிவிட்டு, கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்திப் பதமாகத் தட்டவேண்டும். ஓங்கிப் போட்டால் பருப்பு கூழாகிவிடும். அத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சுவது சுண்டுவிரல் நுனி அளவுப் பருப்பு. அதற்காகப் போன பையன் குண்டடிபட்டு இறந்தான். சுட்டவர் அங்கே குடியிருந்த, ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல். துப்பாக்கி பிறகு கூவத்திலிருந்து மீட்கப்பட்டது. 2012 ஏப்ரலில் சென்னை விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

முதலில் பையனின் கணக்கைப் பார்ப்போம். அடுத்தவர் வளாகத்துக்குள் கேட்காமல் போனது தப்புதான், மறுக்கவில்லை. எவ்வளவு பெரிய தப்பு? சாதாரண அறிவும் சாதாரணப் பொறுமையும் உள்ளவர் புகார் செய்யமாட்டாத அற்பத் தீங்கு குற்றமே ஆகாது என்பது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 33ஆம் பிரிவாக இருக்கிறது. அதையும் தாண்டி ஒருவர் திருட்டு வழக்கே கொடுத்திருந்தாலும், பையன் நிற்கவேண்டிய இடம் சிறார் நீதிக் குழுமம். கண்டித்துப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்ப அதற்கு அதிகாரம் உண்டு. அவன் கணக்கு அதிகபட்சம் அந்தப் பக்கத்தில்தான் முடிந்திருக்கும்.

சொத்தைக் காக்கும் உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எல்லையோடு. கொள்ளை, இரவில் வீடு புகுதல், தீ வைப்பு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சவைக்கும் திருட்டு என்று சிலவற்றில் மட்டுமே உயிர்பறிக்கும் அளவுக்கு அது நீளும். பட்டப்பகலில் பழம் பொறுக்கும் சிறுவனைக் கண்டு உயிருக்கு அஞ்சினேன் என்று எந்த வளர்ந்த ஆளும் சொல்ல முடியாது.

அடுத்தது ‘ஆத்திரத்தில் நடந்துவிட்டது’ என்ற வாதம். கடுமையான, திடீர்த் தூண்டுதலால் தன்வசம் இழந்து ஒருவர் கொன்றால், சட்டம் அதைக் கொலையிலிருந்து சற்றுக் கீழே இறக்கி வைக்கிறது. ஆனால் 1961இல் நானாவதி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அந்த ஆளுக்குக் கோபம் வந்ததா என்பது போதாது, அதே நிலையில் இருக்கும் நிதானமுள்ள ஒரு மனிதர் தன்வசம் இழந்திருப்பாரா என்று பார்க்கவேண்டும். அதாவது அளவுகோலை வைப்பது பெரியவர் மேல். குழந்தையின் குறும்பு எத்தனை எரிச்சலூட்டினாலும் அந்த எரிச்சலைத் தாங்கவேண்டிய வயது பெரியவருடையது. அதட்டலாம், காவலாளியைக் கூப்பிடலாம், காதைத் திருகாமல் கையைப் பிடித்து வாசலில் விட்டு வரலாம்.

‘ரெண்டு கை தட்டினால்தானே ஓசை’ என்று பாதி பாதியாகப் பழியைப் பிரிப்பது இங்கே செல்லாது. குறும்பு சிறுவனுடையது, அதற்கு அவன் பொறுப்பு. விசையை அழுத்திய விரல் பெரியவருடையது, அதற்கு அவர் முழுப் பொறுப்பு. ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் கழிக்க வழியில்லை.

இன்னொன்றும் என் மனதை அரிக்கிறது. சுவருக்கு உள்ளே பிறந்த பிள்ளை அதே மரத்தில் ஏறினால் ‘வாலு’ என்று சிரிப்போம். வெளியே குடிசையில் பிறந்தவன் ஏறினால் ‘அத்துமீறல்’ என்கிறோம். குறும்பை எடைபோடுமுன் யார் வீட்டுக் குறும்பு என்று பார்த்துவிடுகிறோம். ‘எதுக்கு ஏறணும்’ என்ற கேள்விக்குள்ளும் அது கொஞ்சம் ஒளிந்திருக்கிறது.

அந்தக் கேள்வியின் சுமை கடைசியில் போய் இறங்குவது உடன் போன கூட்டாளிகளின் தலையில். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடிவந்த பிள்ளைகள், நம்மால்தான் அவன் செத்தான் என்று வருஷக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்குவார்கள். அவர்களிடம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும்: கேட்காமல் உள்ளே போகாதே, கண்ணு. அவன் செத்ததுக்கு நீ காரணம் இல்லை. முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதை விழுங்கிவிடக் கூடாது. ஒரே மூச்சில் சொன்னாலும் ‘அதனால்தான்’ என்ற சொல் நடுவில் வந்துவிடக் கூடாது.