ஆற்றங்கரையில் கூடாரம்

சென்ற விடுமுறையில் வாப்பா, உம்மா, தம்பியுடன் பெலிஹுல்ஓயாவில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கினோம். ஆற்றோரத்து மணல் மெத்தை போலிருந்தது. வாப்பா அங்கேயே முளை அடிக்கத் தொடங்கினார். அவ்விடத்தைப் பராமரிக்கும் பெரியவர் ஓடி வந்து தடுத்தார். புதர்க் கிளைகளில், என் இடுப்பளவு உயரத்தில் சிக்கியிருந்த காய்ந்த சருகுகளைக் காட்டினார். முன்பு ஆறு ஏறிய மட்டம் அதுதானாம்.

இந்த ஆறு 2000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் பிறந்து, செங்குத்தான சரிவில் இறங்கி வளவை கங்கையுடன் சேர்கிறது. மலையில் பெய்யும் மழை விரைவாகக் கீழே வந்துவிடும். நம் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் தெரியும்போதும் ஆறு பெருகலாம். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

மேட்டில், பட்ட கிளைகள் தொங்காத இடமாகப் பார்த்துக் கூடாரத்தை அமைத்தோம். நள்ளிரவில் உள்ளே ஈரம் சொட்ட, "டென்ட் ஒழுகுது" என்று உம்மா பதறினார். ஆனால் வெளியே ஒரு துளி மழையும் இல்லை. எங்கள் மூச்சிலிருந்த நீராவிதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. காற்றுவழியைச் சற்றுத் திறந்ததும் குறைந்தது. (அட்டைகளைப் பற்றி எழுதினால் தம்பி கோபிப்பான்.)

ஸுபஹுக்கு வுழூச் செய்ய ஆற்றுக்கு இறங்கப்போன வாப்பா, பாதி வழியில் டோர்ச்சை அடித்துவிட்டு அப்படியே நின்றார். அவர் முளை அடித்த மணலின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போத்தல் தண்ணீரில் வுழூச் செய்துகொண்டோம்.