செலவுக்கு ஒரு வரி

சம்பாதிப்பது குற்றமா? வருமான வரி கட்டும் குடும்பஸ்தர் அனைவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்கும் கேள்வி இது. பாடுபட்டுச் சிக்கனமாக வாழ்பவனை விட்டு, வாரி இறைப்பவனிடம் வரி வாங்கினால் என்ன?

யோசனை புதிதன்று. 1651-லேயே ஹாப்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவ ஞானி இந்த நியாயத்தை எடுத்துரைத்தார். 1956-ல் கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கால்டார் நம் சர்க்காருக்குச் செலவு வரியைச் சிபாரிசு செய்தார். மறு வருஷமே நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி சட்டம் கொண்டுவந்தார். 1958 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. பின்னர் இலங்கையும் அவ்வழி சென்றது.

ஆனால் இங்கே வருமான வரி நீங்கவில்லை. அதன்மேல் இதுவும் சேர்ந்தது. வரி போக ஆண்டுக்கு 36,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள தனவந்தர்களுக்கே அது உரியது. ஒருவருடைய வீட்டுச் செலவை வெளியார் கணக்கெடுப்பது எளிதா? விலக்குகளும் ஏராளம். கஜானாவுக்கு வந்ததோ சொற்பம். 1962-ல் வரி நீங்கிற்று, 1964-ல் மீண்டது, 1966-ல் அடியோடு மறைந்தது.

கடைச் சரக்கின் மீது வரி வசூலிப்பது சுலபந்தான். 2017 முதல் நடக்கும் சரக்கு சேவை வரி அத்தகையதே. ஆனால் ஒரு சோப்புக் கட்டிக்குக் கூலிக்காரரும் கோடீசுவரரும் கொடுக்கும் வரி ஒன்றே அல்லவா? செலவழிக்கும் மனிதரைப் பாராமல் சரக்கை மட்டும் பார்க்கும் வரி, வருமான வரியின் ஸ்தானத்தில் அமர்ந்தால், வந்ததெல்லாம் வயிற்றுக்கே போதாத குடும்பம் என்ன செய்யும்? 1930-ல் ஒரு பிடி உப்புக்காகச் சிறை சென்ற தேசம் நாம். இதை மறக்கலாகாது.