போர்டு போனது, விண்டோஸ் எங்கே போனது?

அட்டப்பாடியில் குடியிருப்பவர்களுக்குக் கோடை மழையைப் பற்றியும் துலா மழையைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் மின்னல் வந்துவிடும். மின்னலுக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கியவர்கள் தப்பித்தார்கள். அகளியில் என்னிடம் சரிபார்க்க வரும் கணிப்பொறிகளில் பல மின்னலில் அடிபட்டவைதாம்.

சென்ற ஆண்டு அப்படி வந்த ஒன்று, கோயம்புத்தூரில் உதிரிபாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டியது. மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க்கும் அதிலிருந்த குடும்பப் படங்களும் பிழைத்துக்கொண்டன. வேறு போர்டு பொருத்தி ஓடவிட்டதும் எல்லாம் பழையபடி வந்தது. கூடவே திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும்படி ஒரு மங்கலான எழுத்தும் வந்தது. உரிமையாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "போர்டுதானுங்க போச்சு, காசு குடுத்து வாங்குன விண்டோஸ் எங்கீங்க போச்சு?"

நியாயமான கேள்வி. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்புக்காக இப்படிப் பூட்டிய கணிப்பொறிகள் இருப்பதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸை வாங்கினோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் நாம் வாங்குவது அதை ஒரு கணிப்பொறியில் ஓட்டிக்கொள்ளும் அனுமதியை மட்டுமே. விண்டோஸ் 95, 98 காலத்தில் அந்த அனுமதியை யாரும் சோதிக்கவில்லை. உறையில் அச்சிட்ட எண்ணைத் தட்டினால் போதும். ஒரே சி.டி. ஒரு தெருவையே சுற்றி வரும். 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 30 நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடம் பதிந்துகொள்ள வேண்டும், இல்லையேல் உள்ளே நுழைய விடாது.

எப்படிப் பதிகிறது? பள்ளிச் சான்றிதழில் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்குமல்லவா? வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தில் ஒரு தழும்பு என்று ஆசிரியர் எழுதுவார். அதே வேலையைத்தான் எக்ஸ்பியும் செய்தது. பிராசஸர், நினைவகத்தின் அளவு, டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ் முதலானவற்றிலிருந்து பத்து அடையாளங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கி, 25 எழுத்துச் சாவியோடு சேர்த்து அனுப்பியது. 'இந்தச் சாவி இந்த உடம்புக்கு உரியது' என்று அங்கே பதிவாயிற்று. சுருக்கிய எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் பெயரையோ ஊரையோ கண்டுபிடிக்க இயலாது. இன்டர்நெட் இல்லாதவர்கள் தொலைபேசியில் 50 இலக்கங்களைப் படித்துச் சொல்லி, பதிலுக்கு 42 இலக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் லைன் அறுந்தால் என்ன பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மச்சம் மறைந்தால் ஆள் மாறிவிடுவதில்லை. எக்ஸ்பியும் அந்த அளவுக்குப் பெரிய மனது காட்டியது. நெட்வொர்க் கார்டு அப்படியே இருந்தால் மற்றவற்றில் ஐந்து வரை மாற்றலாம். அதுவும் மாறினால் அதையும் சேர்த்து மூன்று வரைதான். ஆறாவதோ நான்காவதோ மாறினால் 'நீ யார்?' என்று கேட்டுவிடும். மதர்போர்டிலேயே நெட்வொர்க் கார்டும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து வரத் தொடங்கியபின், போர்டை மாற்றினால் பல மச்சங்கள் ஒரே நாளில் போய்விடும் நிலை வந்தது.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 முதல் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற ஏற்பாடு. அதே பெட்டியில் எத்தனை முறை திரும்ப நிறுவினாலும் சாவியைக் கேட்பதில்லை. உடம்பை அடையாளம் கண்டு தானே திறந்துகொள்கிறது. ஆனால் மதர்போர்டு மாறினால் பெரும்பாலும் புது ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். நம் நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அனுமதி போர்டின் பெயரில் இருந்தது. கோப்புகள் எதுவும் பூட்டப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மங்கலான எழுத்து நிற்கும், பின்புறப் படம், நிறம் போன்றவற்றை மாற்ற விடாது, அவ்வளவுதான்.

போன அனுமதி திரும்பக் கிடைக்குமா என்பது நீங்கள் வாங்கியது எந்த வகை என்பதைப் பொறுத்தது. காசு விஷயம் இங்கேதான் இருக்கிறது. ரீடெய்ல் வகை உங்களோடு வரும். பழைய பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். ஓ.இ.எம். வகை விலை குறைவு. அது பெட்டியோடு பிறந்து பெட்டியோடு போவது. தயாரித்த நிறுவனமே வாரண்டியில் போர்டை மாற்றித் தந்தால் விலக்கு உண்டு. மின்னலில் போனதற்கு வாரண்டி ஏது? இடி விழுந்த வீட்டுக்காரரை இரண்டாம் முறை பணம் கட்டச் சொல்வது எனக்கு ஒப்பாத நியாயம். ஆயினும் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் பூட்டும் கணிப்பொறிக்குக் கடைக்காரர் எந்த வகையைப் போடுகிறார் என்று வாங்கும்போதே கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள்.

நண்பரின் பீரோவில் பில்லும் உறையும் பத்திரமாக இருந்தன, ரீடெய்ல் வகை. அத்துடன், முன்பே தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து வைத்திருந்தார். 2016 ஆகஸ்டுக்குப் பின் வந்த விண்டோஸ்களில் அனுமதியை அந்தக் கணக்கோடு இணைத்து வைக்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியிலுள்ள டிரபிள்ஷூட்டரைத் திறந்து, அண்மையில் உறுப்பை மாற்றினேன் என்பதைத் தேர்ந்து, கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய பெட்டியின் பெயரைக் காட்டினோம். சில நிமிடங்களில் எழுத்து மறைந்தது. இந்த இணைப்பைப் பெட்டி நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். போர்டு போனபின் செய்ய வழியில்லை. இணைத்திராவிட்டாலும் ரீடெய்ல் சாவி கையில் இருந்தால் மீண்டும் தட்டிப் பார்க்கலாம். புரோ பதிப்புக்கு ஹோம் சாவியைக் கொடுத்துப் பயனில்லை.

சில நூறு ரூபாய்க்குச் சாவி விற்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுத்த சாவிகள். முதலில் திறக்கும், அளவு மீறியது தெரிந்ததும் தடுத்துவிடுவார்கள். இலவச 'ஆக்டிவேட்டர்' நிரல்கள் இதைவிட மோசம். பெரிய அலுவலகங்களில் உள்ள கணிப்பொறிகள் அந்த அலுவலகத்தின் சொந்த சர்வரிடம் அனுமதி பெற்று, 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டர்களில் பல, தாமே அந்த சர்வர் என்று நடிப்பவை. ஓடுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்வதைப் போல. அதே கணிப்பொறியில்தானே வங்கிக் கணக்கும் பார்க்கிறோம்?

காசு இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா? நம் பிள்ளைகள் தினமும் பயன்படுத்தும் ஒன்றே இருக்கிறது. கேரள அரசு 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அது 2017-ல் கைட் என்ற நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்காக அவர்கள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ், மாநிலமெங்கும் பள்ளிக் கணிப்பொறிகளில் ஓடுகிறது. இதற்குச் சாவியும் இல்லை, ஆக்டிவேஷனும் இல்லை. எத்தனை போர்டு மாற்றினாலும் 'நீ யார்' என்று கேட்காது. பத்தாம் வகுப்பு ஐ.டி. பாடத்தின் செய்முறைகள் இதில்தான் நடக்கின்றன. தமிழிலும் தட்டச்சு செய்யலாம். பிள்ளையின் பள்ளிப் படிப்புக்கு மட்டும் கணிப்பொறி என்றால், விண்டோஸுக்குப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. டாலியில் கணக்கு எழுதுபவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் ரீடெய்ல் விண்டோஸை வாங்குவதே நல்லது. இரண்டையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைக்க நினைப்பவர்கள், லினக்ஸை நிறுவுவதற்கு முன் படங்களையும் கணக்குகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.