ஆடிக்காற்றும் அக்ரிலிக் கண்ணாடியும்

ஆனி பிறந்துவிட்டால் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு பைக்கில் போவது தனிப் பாடு. கணவாய்க்குள் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே வேகத்தோடு நம் நெஞ்சிலும் வந்து அறையும். நான்கு வருடமாக வேலைக்காக அந்தச் சாலையில் போய் வருகிறேன். வீட்டுக்கு வந்து இறங்கினால் தோள்பட்டை கனக்கும், காதுக்குள் இரைச்சல் நிற்காது. வண்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தால் தேவலையே என்று தோன்றியது அப்படித்தான்.

கடையில் கிடைத்த விண்ட்ஷீல்டு எதுவும் என் வண்டிக்குப் பொருந்தவில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் வாங்கினேன். “எதுக்குண்ணே, போர்டுக்கா?” என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. “பைக்குக்கு” என்றேன். வெட்டிக் கொடுத்தார். பட்டறையில் நான்கு துளை போட்டு, கிளாம்ப் வைத்து ஹேண்டில்பாரில் முடுக்கினார்கள். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் வண்டி கழுவும்போது போல்ட் துளையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். நகத்தால் தடவினால் தட்டியது. கழற்றிக் கையில் எடுத்து லேசாக வளைத்ததும் படக்கென்று இரண்டாகப் பிளந்தது. பிளந்த முனை கட்டைவிரலில் இறங்கியது, இரண்டு தையல். இதே துண்டு ஓடும் வண்டியில் கழுத்துக்கு நேரே உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கி.மீ. காற்று வீசுகிறது என்றால், உடம்புக்கும் கண்ணாடிக்கும் அது 90 கி.மீ. காற்று. வேகம் ஒன்றரை மடங்குதான், அழுத்தமோ இரண்டேகால் மடங்கு. அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது நான்கு துளைகளும் அவற்றைச் சுற்றியுள்ள விரற்கடை பிளாஸ்டிக்கும்தான். அக்ரிலிக் விறைப்பான பொருள். அடிபட்டால் வளையாமல் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட் ஷீட் வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெயிலில் பழுப்பேறாமல் இருக்க, புற ஊதாக் கதிர் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட்டுக்கும் பலவீனம் உண்டு. பெட்ரோல், தின்னர், பிரேக் ஆயில், நட்டு கழன்றுவிடாமல் இருக்கப் போடும் பசை, இவற்றில் எது பட்டாலும் நாளடைவில் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரும் பஞ்சுத் துணியும் போதும்.

துளையை போல்ட்டைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் வைக்க வேண்டும். வெயிலில் ஷீட் விரியும். விரிய இடமில்லாமல் இறுக்கிவிட்டால் துளையோரம்தான் விரிசல் தொடங்கும். என் கண்ணாடிக்கு நடந்தது அதுதான். ஓரங்களை உப்புத்தாள் போட்டு உருட்டையாகத் தேய்த்துவிட வேண்டும். மோதினால் அந்த ஓரம் உங்கள் மேல் மட்டுமல்ல, குறுக்கே வருகிறவர் மேலும் படும்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டும் அளவுக்கு உயரமாக வைத்தால், மழைத்துளியும் கீறலும் எதிரே வரும் விளக்கை நூறாகச் சிதறடிக்கும். இதற்கு வைப்பரும் கிடையாது. தலைக்கவசத்தோடு உட்கார்ந்து பார்த்தால் மேல் விளிம்பு மூக்குக்கும் தாடைக்கும் இடையில் வர வேண்டும்; பார்வை அதற்கு மேலாகப் போக வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிக் கட்டிப் பார்த்து, பிறகு ஷீட்டில் கை வையுங்கள். விளிம்பைத் தாண்டிச் சுழலும் காற்று தலைக்கவசத்தைக் கடகடவென்று ஆட்டினால் ஒரு விரற்கடை குறைத்துப் பாருங்கள், அல்லது அடியில் சிறிது இடைவெளி விட்டுப் பாருங்கள். தடுப்பு வைத்ததும் இரைச்சல் கூடிப்போவதும் உண்டு.

ஹேண்டில்பாரில் மாட்டிய கண்ணாடியில் பக்கவாட்டுக் காற்று அடித்தால், அந்த அடி நேரே ஸ்டீயரிங்குக்குப் போகும். மலை விலகிக் காற்று திடீரென்று குறுக்கே பாயும் இடத்தில் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். இதை நான் கையால் உணர்ந்திருக்கிறேன். முடிந்தால் வண்டியின் சட்டத்தோடு சேர்த்து மாட்டுங்கள், முடியாவிட்டால் சிறியதாக வையுங்கள். மாட்டிய பிறகு ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள் எதையும் இழுக்கக் கூடாது. ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் மறையக் கூடாது. ஓட்டும்போது ஹேண்டில் நடுங்கினால் சட்டென்று பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கழற்றி மாட்டும் ஒரு சின்னக் கண்ணாடியால் ஆர்.சி.யில் எந்த விவரமும் மாறுவதில்லை என்பது நம் பக்க வாதம். ஆனால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டுவது பிரிவு 190-இன் கீழ்த் தனிக் குற்றம். அதனால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் தண்டனை கூடும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஒரு படம் வரைந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. சாலையில் மடக்கினால் எந்தப் பிரிவு என்று கேட்கலாம். ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தவறான வழக்கு என்று நினைத்தால் நீதிமன்றத்தில் சொல்லலாம்.

இன்சூரன்ஸை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பாலிசியில் துணைப் பொருட்களின் மதிப்புக்கு ஒரு கட்டம் இருக்கும். அங்கே சொல்லாத பொருளுக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. சொல்லாத மாற்றத்தைக் காட்டி வண்டிச் சேதக் கிளெய்மையே மறுக்கவும் இடமுண்டு. மாட்டியதும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பட்டறையில் செய்து வாங்கிய கண்ணாடி உடைந்து காயப்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தயாரித்தவரையும் விற்றவரையும் சேவை செய்தவரையும் பொறுப்பாக்குகிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ஆனால் ஆதாரம் வேண்டும். நான் போர்டு ஷீட் வாங்கியபோது பில் கேட்கவில்லை, பைக்குக்குத் தாங்குமா என்றும் கேட்கவில்லை. போர்டுக்கென்று விற்றதை நானாக வண்டியில் மாட்டிக்கொண்டேன் என்று கடைக்காரர் சொன்னால் என்னிடம் பதில் கிடையாது. அதனால் என்ன பொருள், என்ன கனம், எதற்காக என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுத்தால் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள், பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். உடைந்தால் துண்டுகளைக் குப்பையில் போடாமல் படம் எடுத்து, எடுத்தும் வையுங்கள்.

முகத்தை முழுவதும் மூடும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசமும் காற்றில் படபடக்காத ஜாக்கெட்டும் போட்டு, வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்தாலே பாதிச் சிரமம் தீர்ந்துவிடுகிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை. என் வண்டியில் இப்போது இருப்பது தாடைக்குக் கீழே நிற்கும் சிறிய பாலிகார்பனேட் தடுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு துளைகளையும் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திங்கட்கிழமை கிளம்புகிறேன்.